நாற்பதாவது சீவல்

உமாராணி: நல்லாப் பாருங்கண்ணே. ஒண்ணாம் ஸ்லைடுல இந்தச் சதை இழையச் சுத்திக் காப்பிக் கலர் வளையம் இருக்கு. நாப்பதாம் ஸ்லைடுல வெள்ளையாக் கெடக்கு. ரெண்டும் ஒரே தொடைச் சதைன்னா எப்படி?

எபனேசர்: அதத்தான ஏளா காலைலருந்து நானும் பாக்குதேன். இனி மைக்ராஸ்கோப்புக்கே கண்ணு வலிக்கும்.

உமாராணி: ஸ்லைடு மாறிருச்சு. நீங்கதான் மாத்திட்டீக.

எபனேசர்: ஏ... மெதுவாப் பேசு. லேபுல சேந்து மூணு மாசம் ஆகல, என்னைய வெரட்டுத.

உமாராணி: ரெண்டு டப்பாலயும் வெறும் 'வடிவு'ன்னு எழுதுனது யாரு?

எபனேசர்: ...நான்தான். ஒண்ணு ஆழ்வார்திருநகரி சண்முகவடிவு, இன்னொண்ணு தூத்துக்குடி அருணாசலவடிவு. ஒரே நாள்ல ரெண்டு வடிவு வரும்னு கனவா கண்டேன்?

உமாராணி: நாலு மணிக்கு டாக்டரம்மா ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட வாராங்க. தப்பாப் போச்சுன்னா...

எபனேசர்: தெரியும்ளா. அந்த அருணாசலவடிவுக்குத் தை மாசம் கல்யாணமாம். கூடப் பொறந்தவன் சதை கரையுத நோயில வீல்சேர்ல இருக்கான். தன் ஒடம்புலயும் அது ஒளிஞ்சிருக்கான்னு பாக்கத்தான் சதையக் குடுத்திருக்கு.

உமாராணி: அதான் சொல்லுதேன்... ஒண்ணாம் ஸ்லைடுல முழுப்பேரு இருக்கு, அது அருணாசலவடிவோடது. அந்த வெள்ளை சண்முகவடிவோடதா இருக்கும். மாறித்தான் இருக்கும்ணே.

எபனேசர்: என்னளா, மாறியிருக்கணும்னு நேந்துக்கிட்டவ மாதிரிப் பேசுத?

உமாராணி: ...சும்மா சொன்னேன்.

எபனேசர்: சும்மா நிக்காம இங்கன குனி. ஒண்ணாம் ஸ்லைடுல இந்த இழை முந்திரிக்கொட்ட மாதிரி வளைஞ்சிருக்கா? பக்கத்துல ரத்தக்குழாய். இப்ப நாப்பதப் பாரு.

உமாராணி: அதே முந்திரி...

எபனேசர்: பக்கத்துல?

உமாராணி: அதே ரத்தக்குழாய்.

எபனேசர்: அப்ப மாறல! ஒரே ஆளு, ஒரே இழை. ஸ்தோத்திரம்!

உமாராணி: ஒரே இழைன்னா... காப்பிக் கலர்தான சதையக் காக்குத புரதம். அது இங்க இருக்கு, அர மில்லிமீட்டர் தள்ளுனா இல்லயா? அது எப்படிண்ணே?

எபனேசர்: இரு, யோசிக்க விடு... இழைங்கிறது நீளமான தெரு. தெருவுக்கெல்லாம் ஒரே தொட்டி இல்ல, பத்து வீட்டுக்கு ஒரு அடிபம்பு. இழைக்குள்ள உட்கரு நூத்துக்கணக்குல இருக்கும்லா, அதுதான் பம்பு. ஒவ்வொண்ணும் தன் அக்கம்பக்கத்துக்கு மட்டும் புரதம் செஞ்சு குடுக்கும்.

உமாராணி: எல்லாப் பம்பும் நல்லா இருந்தா...

எபனேசர்: தெரு முழுக்கக் காப்பிக் கலர். ஆனா பொம்பளைக்கு ரெண்டு எக்ஸ் குரோமோசோம். ஒவ்வொரு உட்கருவும் அதுல ஒண்ணத்தான் தொறந்து வச்சு வேலை பாக்கும். ஒண்ணுல கோளாறு இருந்தா...

உமாராணி: நல்லது தொறந்த எடத்துல கலர். கெட்டது தொறந்த எடத்துல வெள்ளை.

எபனேசர்: அம்புட்டுதான்! நாம கொழம்பு மீனு மாதிரிக் குறுக்கச் சீவுனோம். அதான் ஒரு சீவல்ல இருக்கு, ஒரு சீவல்ல இல்ல. தப்பிச்சோம்ளா! நாம எதையும் மாத்தல... என்னளா, கண்ணு ஏன் கலங்குது?

உமாராணி: மருந்து நெடிண்ணே... அப்ப அருணாசலவடிவுகிட்ட அந்தக் கோளாறு இருக்கு.

எபனேசர்: இருக்கத்தான் செய்யுது. பாவம், மாப்பிள வீட்டுல என்ன சொல்லுவாகளோ. ஆனா டாக்டரம்மா நம்பணுமே! இந்த ரெண்டு ஸ்லைடையும் நீட்டுனா, 'மாத்திட்டீங்களா'ன்னுதான் மொதல்ல கேப்பாங்க.

உமாராணி: ஃப்ரீசர்ல மிச்சத் துண்டு இருக்கு. அதக் கருவாட்டுக்குக் கீறுத மாதிரி நீளவாக்குல சீவுங்க. ஒரே இழைல கலரும் வெள்ளையும் மாறி மாறித் தெரியும், யாரும் சந்தேகப்பட முடியாது. பாத்துச் சீவுங்கண்ணே... அருணாசலவடிவு எங்கம்மா பேரு. சதை என்னோடது.