சொந்த விருப்பத்தில விலகினவ

சுதர்சனா மகள், போன கிழமை நீங்க வந்திருக்கக்குள்ள நான் ஊத்தித் தந்த பிளேன்ரித் தேத்தண்ணியைக் குடிக்காமலே வச்சிட்டுப் போயிட்டீங்க. பயந்தீங்களோ தெரியா. பயப்படத் தேவையில்ல புள்ள. நான் ஆருக்கும் ஒண்டையும் கலந்து குடுத்த ஆள் இல்ல. முப்பது வருசமா கல்லடியில புள்ளப்பேறு பார்த்த மருத்துவிச்சி நான். இந்த ஊரில பாதிப்பேர் முதல் முதல் கண்ட முகம் என்ட முகம்தான்.

மருந்துக் கொம்பனி உங்களை விசாரிக்க அனுப்பியிருக்கு, நடந்ததை நடந்த மாதிரி எழுதித் தாங்க எண்டு நீங்களும் மரியாதையாத்தான் கேட்டீங்க. எனக்கு உங்கட ஆபிஸ் பாஷை வராது. வாயால கதைக்கிற மாதிரியே ரைப் பண்ணுறன். பிழை கிடந்தா நீங்க திருத்துங்க.

சுனாமியில கடல் வந்து என்ட மனுசன் இராசதுரையைக் கொண்டு போனாப்போல, நானும் மகள் அஜந்தாவும் முகாமில தகரக் கொட்டிலுக்கதான் இருந்தம். அவளுக்கு இருபத்தெட்டு வயசு. அந்த வயசிலயே சீனி வருத்தம். அப்பதான் உங்கட கொம்பனி ஆள் சுபாகரன் வந்தார். சீனிக்குப் புதுக் குளிசை ஒண்டு வந்திருக்கு, ஆக்களுக்குக் குடுத்துப் பார்க்கிறம் எண்டார். பாதிப்பேருக்கு மெய்யான குளிசை, பாதிப்பேருக்கு வெறுங்குளிசை. ஆருக்கு எது எண்டு குடுக்கிறவருக்கும் தெரியா, குடிக்கிறவருக்கும் தெரியா. கிழமைக்கு ஒருக்கா வந்து உடம்புக்கு என்ன செய்யுது எண்டு கேட்டு போமில எழுதுவாங்க. அந்த எழுத்தை வச்சுத்தான் குளிசை நல்லதோ கூடாதோ எண்டு முடிவெடுக்கிற. எனக்கு அது நல்ல வேலையாப் பட்டிச்சு. சேரு புள்ள எண்டு அவளுக்கு நான்தான் சொன்னன்.

ஏழாம் கிழமை அவளுக்குச் சத்தி, திண்டதெல்லாம் வெளிய வந்திச்சு. மறுகா கண் மஞ்சளாப் போச்சு. நான் கையில புடிச்சுக் கூட்டிக்கொண்டு சுபாகரன்ட ஆபிசுக்குப் போனன். அவர் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"மங்கையம்மா, இந்தக் கிழமை வெளிநாட்டில இருந்து தரம் பார்க்கிற ஆக்கள் வாறாங்க. அடுத்த கிழமை எழுதுவம். முகாம்ல தண்ணி சரியில்லத்தானே, செங்கமாரி கனபேருக்கு இரிக்கு. குளிசையை மட்டும் விட்டுடாதீங்க."

நான் ஓம் எண்டன். அவள் விடாமக் குடிச்சாள். அடுத்த கிழமை வரக்குள்ள அவள் இல்ல. நானும் தண்ணி எண்டுதான் நம்பினன். கனபேருக்கு இருந்திச்சுத்தானே.

சண்டை முடிஞ்ச வருசம் சுபாகரன் என்னைத் தேடி வந்தார். அதே குளிசை, இப்ப பெரிசாச் செய்யப் போறாங்களாம். மட்டக்களப்புப் பக்கம் முழுக்க அவர்தான் பொறுப்பு. "ஆக்கள் பயந்து போய்க் கிடக்கிறாங்க மங்கையம்மா. உங்களைக் கண்டாத்தான் வேலிக் கடப்பைத் திறப்பாங்க" எண்டார். நான் போனன், எனக்குத் தந்த வீடுகளுக்குக் கிழமைக்குக் கிழமை போய்ப் போம் நிரப்புற வேலை. அப்ப எனக்கு அவரில ஒரு கோவமும் இல்ல. இதை நீங்க குறிச்சுக்கொள்ள வேணும்.

பழைய பைல் எல்லாம் பதினஞ்சு வருசம் வச்சிருக்க வேணும் எண்டு சட்டமாம். ஒரு நாள் அலுமாரியைத் தூசி தட்டி நம்பர்படி அடுக்கித் தாங்க எண்டார். அடுக்கக்குள்ள அஜந்தாட பைல் கையில வந்திச்சு. ஏழாம் கிழமைப் பக்கத்தைப் பார்த்தன். 'முறைப்பாடு இல்லை' எண்டு கிடந்திச்சு. கடைசிப் பக்கத்தில, 'சொந்த விருப்பத்தில் விலகிக்கொண்டார்.' கீழ சுபாகரன்ட கையெழுத்து, நல்ல வடிவான எழுத்து. திகதியைப் பார்த்தன். அவளை நாங்க அடக்கம் செய்த அடுத்த நாள். செத்த புள்ள எழும்பி வந்து எனக்கு விருப்பமில்ல எண்டு சொல்லிட்டுப் போயிருக்கு.

பைலை நம்பர்படி அதுட இடத்தில வச்சன். மறுகா அவருக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். சீனி காணுமா மகன் எண்டு கேட்டன். காணும் எண்டார்.

இப்ப தரம் பார்க்கிற விதமே மாறிட்டு, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. முன்னம் ஆள் வந்து பக்கம் பக்கமாப் புரட்டும். இப்ப நாங்க எழுதுறது கொழும்பில கொம்பியூட்டரில கோடா ஓடுது. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு கோடு. எங்க கோடு குதிக்குதோ அங்கதான் ஆள் வரும். குதிக்காட்டி ஒருத்தரும் வரமாட்டாங்க. சுபாகரன் எங்கட கோட்டை எனக்குக் காட்டினார். "பாருங்க மங்கையம்மா, நம்மட வாவி மாதிரிக் கிடக்கு, ஒரு அலை இல்ல." அவருக்குச் சரியான பெருமை. குளிசை சுத்தமான குளிசை எண்டு மெய்யாவே நம்பினார். பழைய போம் எல்லாம் அப்பிடித்தானே சொல்லுது. அதை எழுதினது தான் எண்டது அவருக்கு மறந்திட்டு. தான் எழுதினதைத் தானே நம்பிட்டார்.

இல்லாட்டிப் பெத்த தாயைக் கொண்டு வந்து சேர்ப்பாரா. அறுவது பேர் வேணும், ஒராள் குறைஞ்சுது. சித்தாண்டியில இருந்த அவர்ர அம்மா சீதேவிப்பிள்ளைக்கும் சீனி. சொந்தக்காரரைத் தான் பார்க்கப்படாது எண்டு விதி இரிக்காம், அதால அந்த வீட்டை என்ட கையில தந்தார். "உங்கட போமிலதான் ஒரு நாளும் கேள்வி வாறல்ல" எண்டார்.

சீதேவிப்பிள்ளை நல்ல மனுசி. நக்கல் கூட. நான் போனா ஒரு கிழமைக் கதையையும் சேர்த்து வச்சிருப்பா. எனக்கு வெறுங்குளிசைதான் தாறாங்க போல, குடிச்சா ஒரு ஏப்பம் கூட வருதில்ல எண்டு சிரிப்பா. வெறுங்குளிசை வந்திருந்தா அவ இப்பவும் இருந்திருப்பா. அதுல எனக்குக் கையில்ல. கொழும்பு மெசின் குலுக்கிப் போட்டது அது. நான் காத்திருந்தன், அவ்வளவுதான்.

எட்டாம் கிழமை போகக்குள்ள வாசலிலயே சொன்னா: "மங்கை, கண்ணாடியில பார்த்தா மஞ்சள் பூசிக் குளிச்ச புதுப்பொண்ணு மாதிரி இருக்கன்கா. இனி ஒரு மாப்பிள்ளையைப் பாரு."

நான் இமையைத் தூக்கிப் பார்த்தன். அஜந்தாட கண் மாதிரியே இருந்திச்சு.

"சூடுதான் பெரியம்மா. கீழ்க்காய்நெல்லி அரைச்சுக் குடிங்க. குளிசையை விட்டுடாதீங்க."

"தம்பிக்குச் சொல்லவா?"

அப்ப சுபாகரன் கொழும்பில இருந்தார். எங்கட கோடு ஆக நல்ல கோடு எண்டு, எப்பிடி வேலை செய்யிற எண்டதை மத்த ஊர் ஆக்களுக்குப் படிப்பிக்கக் கூப்பிட்டிருந்தாங்க, மூண்டு கிழமை. நான் சொன்னன், சொன்னா அவர்ர கோட்டில விழும், மேடையில நிக்கிற மனிசன், பேர் கெட்டுடும் எண்டு. "அது சரி, நான் வாயே திறக்கல்ல" எண்டா. தாய்தானே.

ஒவ்வொரு நாளும் பொழுதுபடக்குள்ள அவர் போன் எடுப்பார். ஒருக்கா நானும் பக்கத்தில இருந்தன். "அம்மா, உங்கட போமைப் பார்த்தன், ஒரு குறையும் இல்ல" எண்டு அவர் இவவுக்குச் சொல்லுறார். இவ எனக்குக் கண்ணடிச்சிட்டு, ஓம் மனே, நல்லாத்தான் இரிக்கன் எண்டா. முகத்தைப் பார்த்திருந்தா அவருக்கு விளங்கியிருக்கும். அவர் போமைத்தான் பார்த்தார். ரத்தம் எடுக்கிறது மூண்டு மாசத்துக்கு ஒருக்கா, அதுக்கு இன்னும் நாலு கிழமை கிடந்திச்சு. நான் எட்டாம் கிழமைக்கும் ஒம்பதாம் கிழமைக்கும் 'முறைப்பாடு இல்லை' எண்டு எழுதினன். பத்தாம் கிழமை எழுத ஆள் இல்ல.

செத்தவீடு முடிய ஆபிசுக்கு வந்தார். தாடி வளர்ந்து, ஆளே உருக்குலைஞ்சு போயிருந்தார். "அம்மா உங்களுக்கிட்ட ஒண்டும் சொல்லல்லையா?" எண்டு கேட்டார். நான் ரெண்டு பைலை மேசையில விரிச்சு வச்சன். ஒண்டு அஜந்தாட கடைசிப் பக்கம். மத்தது அவர்ர அம்மாட கடைசிப் பக்கம், நான் நிரப்பினது. சீதேவிப்பிள்ளை சொந்த விருப்பத்தில் விலகிக்கொண்டார். திகதி, அவவை எரிச்ச அடுத்த நாள். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தன். பேனை மூடியையும் கழட்டிக் குடுத்தன்.

"வைங்க மகன். போன முறையும் நீங்கதானே வச்ச."

கையெழுத்து வைக்கல்ல. வெளிய போய் நிண்டு உங்களுக்குக் கோல் எடுத்தார். தன்ட பழைய பிழையையும் சேர்த்துத்தான் சொன்னார் எண்டு அறிஞ்சன். சொல்லட்டும். நாலு வருசம் பிந்திட்டு.

நீங்க கேட்டீங்க, இதுக்கு நான் மனம் வருந்துறனா எண்டு. சீதேவிப்பிள்ளை நல்ல மனுசி எண்டு முன்னமே எழுதிட்டன். ஆனா ஒரு தாயும் ஒரு மகளும் சமம். எனக்கு மனசு இப்ப லேசாத்தான் இரிக்கு. நித்திரையும் வருது.

எழும்பிப் போகக்குள்ள நீங்க வேறொரு பேரும் கேட்டீங்க. அமிர்தகழிப் புஸ்பம். அதுக்கு நான் அண்டைக்கு மறுமொழி சொல்லல்ல. இப்ப சொல்லுறன்.

அவளும் எனக்குத் தந்த வீடுகளில ஒண்டுதான். முப்பத்தொரு வயசு, புருசன் சண்டையில போயிட்டான், ஒரு பொம்புளப் புள்ள. அவளுக்கு ஆறாம் கிழமையே கண் மஞ்சளாப் போச்சு, சீதேவிப்பிள்ளைக்கு முன்னமே. அதை எழுதியிருந்தா எங்கட கோடு குதிச்சிருக்கும். கொழும்பில இருந்து ஆள் வந்து எல்லாருக்கும் குளிசையை நிப்பாட்டியிருப்பாங்க. சித்தாண்டி வீட்டிலயும் நிப்பாட்டியிருப்பாங்க. அதால எழுதல்ல. அவளுக்கும் சூடு எண்டுதான் சொன்னன். அவள் என்னை அம்மா எண்டுதான் கூப்பிடுவாள், நம்பிக் குடிச்சாள். ஏழாம் கிழமை முடியக்குள்ள போயிட்டாள். அவட போமிலயும் அதே வரியைத்தான் எழுதினன், சொந்த விருப்பத்தில் விலகிக்கொண்டார் எண்டு; கோடு அசையல்ல.

புஸ்பத்துக்கும் எனக்கும் ஒரு கோவமும் இல்ல மகள். அவட புள்ளைக்கு ஏழு வயசு. பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்தும் புத்தகப் பையும் நான்தான் வாங்கிக் குடுத்தன், ஆரும் கேட்காமலே. அதையும் உங்கட போமில எழுதிக்கொள்ளுங்க.