பதினோராவது பேரு

சிஜின்: பத்து பேரு. நல்லா எண்ணினேன் பெபிஷா. லிபின், ஷாஜன், பெனின்னு வரிசையா பத்து பேரு. எனக்க பேரு மட்டும் இல்ல.

பெபிஷா: உங்களுக்குச் சரியா கேட்டிருக்காது. அங்க நெட்டு எப்பவும்…

சிஜின்: நெட்டு நல்லாத்தான் இருந்து. இது முத வாரமில்ல, நாலாவது வாரம். ஒரு வாரம்னா மறதின்னு விடலாம். பொண்டாட்டிய போன்ல கூப்பிட்டு இதக் கேக்கவே எனக்கு வெக்கமாட்டு இருக்கு.

பெபிஷா: மெதுவா பேசுங்க. மாமி வெளிய போயிருக்காவ, இப்ப வந்திருவாவ. ஃபாதருக்கு ஆயிரம் சோலி. லாக்டவுன்ல கோயிலப் பூட்டி வச்சு, ஆளில்லாம பூசை வச்சு, அத யூடியூப்புல போட்டு, பெறவு வீடு வீடா போன் பண்ணி…

சிஜின்: நீ அவருக்கு வக்காலத்து வாங்காத. இங்க நடந்தத கேளு. பதினோரு பேரும் படகு மேல்தட்டுல ஒரு போனச் சுத்தி இருக்கோம். 'ஈரான்ல ஊர் வர முடியாமக் கிடக்கிற நம்ம பங்கு மக்களுக்காக'ன்னு ஃபாதர் தொடங்கினாரு. ஒவ்வொரு பேரா வாசிக்க, அவனவன் நெத்தியில சிலுவை போடுகான். பெனினுக்கு கண்ணு நிறைஞ்சாச்சு. நான் கையத் தூக்கி வச்சுகிட்டே இருக்கேன்… அடுத்தால காணிக்கைப் பாட்டு.

பெபிஷா: கூட இருந்தவனுவ ஒண்ணும் கேக்கலியா?

சிஜின்: லிபின் என்ன சொன்னான் தெரியுமா? 'மக்கா, உன்ன ஊருல கழிச்சாச்சு'ன்னு. எல்லாவனும் சிரிச்சானுவ. நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டு எஞ்சின் ரூமுக்குள்ள போய் இருந்தேன்.

பெபிஷா: அவன் விளையாட்டுக்குச் சொன்னது.

சிஜின்: விளையாட்டா? முதலாளி போன எடுத்து பதினெட்டு நாளாச்சு. குடிக்கத் தண்ணி ஒரு ஆளுக்கு ஒரு குப்பி. நோய் பயத்துல கரையில எறங்க விடல. கப்பல் வரும் வரும்னு சொல்லுதாவ. அந்தக் கப்பலுக்கு லிஸ்ட்டு எங்க இருந்து போவுது? கோயில்ல எழுதித்தானே கலெக்டர் ஆபீசுக்குக் குடுக்காவ? செபத்துலயே பேரில்லாதவனுக்கு அதுல எங்க பேரு இருக்கப்போவு?

பெபிஷா: அதுல இருக்கு. மூணாவது பேரு உங்களுக்கது. பாஸ்போர்ட்டு காப்பிய நான்தான் கொண்டு குடுத்தேன். எனக்க முன்னாலதான் ஃபாதர் எழுதினாரு.

சிஜின்: அப்போ தெரிஞ்சேதான் விடுகாரு. அது இன்னும் மோசம். கோபுரத்துக்கு பெயின்ட் அடிக்கயில கயித்துல தொங்கினது யாரு? அன்னைக்கு 'சிஜினு, சிஜினு'ன்னு நிமிசத்துக்கு ஒரு தடவ கூப்பிட்டாரு. அன்னைக்கு தெரிஞ்ச பேரு இன்னைக்கு வாயில வரலியோ? இப்பமே கூப்பிட்டு நாலு வார்த்த கேக்கப்போறேன்.

பெபிஷா: வேண்டாம். அவர ஒண்ணும் கேக்காதீங்க.

சிஜின்: கேப்பேன். பங்கு குரூப்புலயே வாய்ஸ் போடுவேன். ஊரு முழுக்க கேக்கட்டு.

பெபிஷா: போடுங்க. ஊரோட சேந்து மாமியும் கேக்கட்டு.

சிஜின்: அம்மையா…

பெபிஷா: நீங்கதானே சொன்னீங்க? 'ஆப்பரேசன் கழிஞ்ச நெஞ்சு, அதிர்ச்சி ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, நான் கொச்சி வரைக்கும் வந்து அங்க மாட்டிகிட்டேன்னு சொல்லு'ன்னு. ரெண்டு மாசமா சொல்லுதேன். கொச்சியில பஸ் இல்ல மாமி, கொச்சியில நல்ல சாப்பாடு மாமி… மாமி யூடியூப்பு பூசைய ஒரு வாரம் விடமாட்டாவ. டீவிக்கு முன்னால முட்டுக்குத்தி இருப்பாவ. அதுல 'ஈரான்ல கிடக்கிற சிஜின்'னு ஃபாதர் வாசிச்சா, பக்கத்துல இருக்கிற நான் முகத்த எங்க கொண்டு வைக்க?

சிஜின்: அப்போ… நீயா போய்ச் சொன்ன?

பெபிஷா: நான்தான். வாசிக்காதீங்க ஃபாதர்னு கையெடுத்துக் கும்பிட்டேன். அவருக்கு இஷ்டமே இல்ல. 'உங்க பொய்க்குப் பீடத்தையும் கூட்டுச் சேக்கியா'ன்னு ஏசினாரு. பெறவு எனக்க வயித்தப் பாத்தாரு. ஆறு மாசமாச்சுல்லா… சரின்னுட்டாரு. பூசை முடிஞ்சு கேமராவ அணைச்ச பெறவு, பீடத்துல நின்னு உங்க பேர மட்டும் தனியா வாசிச்சுச் செபிக்காராம். நாலு வாரமா.

சிஜின்: எனக்கிட்ட சொல்லியிருக்கலாம்லா.

பெபிஷா: எப்பச் சொல்ல? நீங்க கூப்பிட்டா ரெண்டு நிமிசம். அதுல ஒரு நிமிசம் 'நல்லா இருக்கேன், மீன் கறி வச்சுத் திங்கியோம்'. தண்ணி ஒரு குப்பின்னு இன்னைக்குத்தான் கேக்கேன். எனக்கிட்டயும் நீங்க கொச்சியிலதான் இருந்திருக்கீங்க.

சிஜின்: பிள்ள… அது வந்து…

பெபிஷா: ஒண்ணும் சொல்லண்டாம். வாசல் கேட்டு தெறக்கிற சத்தம் கேக்கு. மாமி வந்தாச்சு. மாத்திப் பேசுங்க.

சிஜின்: …இங்க கொச்சியில நல்ல மழை பெபிஷா. அங்க எப்பிடி?

செசிலி: போன இஞ்ச தா மோளே.

பெபிஷா: கொச்சியிலயிருந்து கூப்பிடுகாவ மாமி.

செசிலி: தா. ஏலே சிஜினு… கொச்சி மழை இருக்கட்டு. குடிக்கத் தண்ணி கிட்டுதா உனக்கு?

சிஜின்: என்ன தண்ணி அம்மா?

செசிலி: ஆளுக்கு ஒரு குப்பின்னு லிபினுக்க அம்ம தெருவுல நின்னு அழுதா. அதக் கேக்கேன்.

பெபிஷா: மாமி…

செசிலி: நீ இரி மோளே. வயித்துப் பிள்ளைய வச்சுகிட்டு நிக்காத. ரெண்டு பேருமா என்னைய என்னன்னு நெனச்சீங்க? டாக்டர் கீறினது நெஞ்ச. காத இல்ல.

சிஜின்: எப்ப இருந்து தெரியும் அம்மா?

செசிலி: நீ கொச்சின்னு சொன்ன மூணாம் நாளே, லிபினுக்க அம்ம வாயால. முத வாரம் உனக்க பேர விட்டதும், நேரா ஃபாதர்கிட்ட சண்டைக்குத்தான் போனேன். எனக்க மவன் பேர விடுகதுக்கு நீரு யாருன்னு கேட்டேன். அப்பத்தான் இவ வந்து கும்பிட்டுட்டுப் போனதச் சொன்னாரு. சரி, இந்தப் பிள்ள இவ்வளவு பாடுபட்டு மறைக்கா, தெரியாத மாதிரியே இருந்துகிடுதேன்… ஆனா எனக்க காதால ஒரு தடவ கேக்கணும்னு சொன்னேன். கேமராவ அணைச்ச பெறவு அந்த மனுசன் சத்தமா வாசிக்கது பின்ன யாருக்குன்னு நெனச்ச? கோயில் ஜன்னலுக்கு வெளிய நின்னு உனக்க பேரக் கேட்டுட்டு இப்பத்தான் வாறேன்.