இரண்டாவது சங்கு

எனது பெயர் கலையரசன், வயது 33, தகப்பனார் பெயர் கருப்பண்ணன். அரியலூர் வட்டம் ரெட்டிபாளையத்தில் குடியிருந்து வருகிறேன். அருகிலுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். வெடி வைக்கும் நேரத்தில் சிவப்புக் கொடியுடன் சாலையில் நின்று, வருகிறவர்களை நிறுத்துவது என் வேலை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும்.

இறந்துபோன மணிமொழி, வயது 27, என் மனைவி. சிறுவாச்சூர் முருகையன் என்பவரின் மகள். திருமணமாகி நான்கு வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. அதைச் சொல்லி நான் கொடுமைப்படுத்தியதால் அவள் தானாகவே தண்ணீரில் இறங்கி உயிரை விட்டாள் என்று என் மாமனார் மனு கொடுத்திருக்கிறார். அது சம்பந்தமாக விசாரித்ததில் நான் சொல்வது.

கடந்த மே மாதம் எனக்கு மூன்று நாள் விடுப்பு கிடைத்தது. அதுவரை நாங்கள் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் தவிர வெளியூர் போனதில்லை. மணிமொழி கடல் பார்க்க வேண்டும் என்றதால், வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறிப் பாண்டிச்சேரி போய், ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். அதன் பிறகு பழைய பிரெஞ்சுக்காரர் தெருக்களைச் சுற்றிப் பார்த்தோம். மணிமொழி மஞ்சள் சுவர்களைத் தொட்டுத் தொட்டு விரலைப் பார்த்தபடி வந்தாள். “இங்க ஒரு வூட்டு மேலயும் தூசி இல்லைங்க” என்றாள். ரெட்டிபாளையத்தில் வெள்ளைத் துணி உடுத்தினால் சாயங்காலத்துக்குள் சிமெண்ட் நிறமாகிவிடும். அன்று மாலை கடைவீதியில் வெள்ளைச் சுடிதார் ஒன்று எடுத்தாள். அதை அலசி லாட்ஜ் மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டு, காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எங்களுக்குள் எந்தச் சண்டையும் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை அந்தச் சுடிதாரைப் போட்டுக்கொண்டாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆறு கடலில் சேரும் இடத்தில் உள்ள மணல் தீவுக்குப் படகில் போனோம். படகில் கொடுத்த மிதவைச் சட்டையை இறங்கியதும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதன் பிறகு தீவின் கடைசி வரை நடந்தோம். அங்கே கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும் ஒரு ஓடை, அதற்கு அந்தப் பக்கம் சிறிய மணல் திட்டு. மணிமொழி ஓடையைத் தாண்டிப்போய்க் கிளிஞ்சல் பொறுக்கினாள். நான் போட்டோ எடுப்பதற்காக இந்தக் கரையிலேயே நின்றேன்.

சுமார் மூன்றரை மணிக்குப் படகுத் துறையில் சங்கு நீளமாக ஊதியது. மணிமொழி கிளிஞ்சலைத் துப்பட்டாவில் முடிந்துகொண்டு என் பக்கம் வரக் காலெடுத்து வைத்தாள். எங்கள் சுரங்கத்தில் முதல் சங்கு ஊதினால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். வெடித்து முடிந்து இரண்டாவது சங்கு ஊதிய பிறகுதான் நகர வேண்டும். ஒன்பது வருடப் பழக்கத்தில் என் கை தானாக உயர்ந்தது. “அங்கேயே நில்லு, ரெண்டாவது சங்கு ஊதட்டும்” என்று சத்தமாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் இது சுரங்கம் இல்லை என்று உறைத்து எனக்கே சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். “சரிங்க கொடிக்காரரே” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் அப்படி நின்றது அழகாக இருந்ததால், போதும் வா என்று சொல்லாமல் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சங்கு, தண்ணீர் ஏறுகிறது, எல்லோரும் திரும்புங்கள் என்பதற்காம். எனக்குத் தெரியாது, நான் யாரையும் கேட்கவும் இல்லை. பத்து நிமிடம் போயிருக்கும். ஓடையைப் பார்த்தபோது அகலமாகியிருந்தது. வா என்று கத்தினேன். உடனே இறங்கினாள். நடு ஓடையில் இடுப்புக்கு மேல் தண்ணீர் வந்து, இழுப்பில் கால் தவறிவிட்டது. எனக்கு நீச்சல் தெரியாது, இருந்தும் குதித்தேன். படகுக்காரர்கள் என்னைத் தூக்கிவிட்டார்கள். மணிமொழியை மீன்பிடிக்கிறவர்கள் ஐந்தே முக்காலுக்குக் கொண்டு வந்தார்கள்.

அதன் பிறகு பிரேதப் பரிசோதனை முடிந்து ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். அன்று இடுகாட்டில் என் மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஊர்ல பலதும் பேசுறாங்க. அவளா போயிட்டாளா மாப்ள, நீங்களே சொல்லுங்க” என்று கேட்டார். நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் பேசாமல் நின்றேன். அதை வைத்துத்தான் மனு கொடுத்திருக்கிறார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

இதைச் சொல்லும்போது உதவி ஆய்வாளர் பேனாவை நிறுத்தி, “நில்லுன்னு நீ சொன்னத எழுதுனா உனக்குத்தான்யா வம்பு. தண்ணி ஏறுனதால விபத்துன்னு போட்டுக்கிறேன்” என்றார். நான் சொன்னபடியே எழுதச் சொன்னேன். என் மனைவி சாக நினைக்கவில்லை. கூப்பிட்டால் வருவதற்குத் தயாராக நின்றாள். நான் கூப்பிடவில்லை. என் மாமனாருக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னது. வாசிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது, உண்மை.

(ஒப்பம்) க. கலையரசன்