அஸ்காலேயை எங்கே சேர்ப்பது

— அந்த அடிஸ் அபாபா சமையல் பள்ளிக்கூடத்துக்கு என்னடி குறைச்சல்? வெள்ளைத் தொப்பி மாட்டி, வாசல்ல நிக்க வச்சு போட்டோவெல்லாம் எடுத்துத் தர்றாங்களாமே.

— தொப்பி இருக்கு அக்கா, அடுப்புதான் இல்லை. ஒரு வகுப்புக்கே ஒரு அடுப்பு. வாத்தியார் சமைக்கிறார், பிள்ளைங்க சுத்தி நின்னு வேடிக்கை பாக்குதுங்க. வேடிக்கை பாக்கவா நான் தெஸ்ஸியிலேருந்து பஸ் ஏறணும்?

— சரி, அது வேண்டாம். நான்தான் மொதல்லேருந்து சொல்றேனே, கொம்போல்சா போதும்னு. காலையில இறங்கிப் போனா சாயங்காலம் நம்ம சாப்பாட்டுக் கடைக்கு வந்துடலாம். ராத்திரி சாப்பாட்டுக்குக் கூட நின்னா போச்சு.

— அங்கே படிச்சு முடிச்ச பொண்ணு ஒருத்தியைத் தேடிப் பிடிச்சுக் கேட்டேன். "ஒரு வருஷம் எழுதினேன், ஒரு வெங்காயம் நறுக்கலை"ங்கிறா. இப்போ துணிக்கடையில நிக்கிறா.

— அவளுக்குத் துப்பு இல்லைன்னா பள்ளிக்கூடம் என்ன பண்ணும்? உனக்கு எதுவும் பிடிக்காது. மாப்பிள்ளை பாக்கிற மாதிரி பாக்கிறே.

— அதைவிட நல்லா பாக்கணும் அக்கா. மாப்பிள்ளைக்கு ஊர்ல நாலு பேர் சாட்சி சொல்வாங்க. பள்ளிக்கூடத்துக்கு அது அடிச்ச நோட்டீஸ்தான் சாட்சி சொல்லுது. அதான் நேர்ல போய் மத்தியான நேரத்துல சமையல்கட்டுக்குள்ள எட்டிப் பாத்தேன். ஹவாசாவுல மட்டும்தான் பிள்ளைங்க முகத்துல வேர்வை இருந்துது.

— ஆரம்பிச்சுட்டியா, ஹவாசா புராணம்.

— நிஜமா அக்கா. ஆளுக்கொரு அடுப்பு. பிள்ளைங்க சமைக்கிறதை வெளியிலேருந்து ஆளுங்க வந்து காசு குடுத்துச் சாப்பிடறாங்க. சாப்பிட்டு முடிச்ச தட்டு திரும்ப வருது பாரு, வாத்தியாரம்மா அதைத்தான் மொதல்ல பாக்கிறாங்க. எது மிஞ்சியிருக்கோ அதுக்கு மார்க் போச்சு.

— புதன், வெள்ளி நோன்புல? பெரிய நோன்புல? ருசி பாரு, ருசி பாருன்னு வாய்ல ஊத்தினா என்ன பண்ணுவே? நம்ம வீட்ல நோன்பு நாள்ல பூசை முடியறதுக்கு முன்னாடி கரண்டியை நாக்குல வச்சவ யாரும் கிடையாது. உப்பைக்கூட மூக்காலதான் பாத்திருக்கோம்.

— அதையும் கேட்டுட்டேன். ஒரு முஸ்லிம் பொண்ணோட ஜோடி சேத்து விடுவாங்களாம். நம்ம கிறிஸ்தவ நோன்புக்கு அவ ருசி பாப்பா, ரம்ஜானுக்கு நான் பாக்கணும்.

— கறிக்கு? அவங்க அறுத்தது நமக்கு ஆகாது, நாம அறுத்தது அவங்களுக்கு ஆகாது.

— கறிக்குத் தனித்தனி சட்டியாம்.

— ரெண்டு நோன்பும் ஒரே மாசத்துல வந்தா?

— வாத்தியாரம்மாவே சாப்பிட்டுப் பாத்துக்குவாங்களாம். "நான் சர்க்கரை வியாதிக்காரி, என்னைக் கடவுள் மன்னிச்சாச்சு"ங்கிறாங்க.

— எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கே... யாரு அது, கதவுல?

— பக்கத்துக் கடை தையல்காரன் லாக்கெவ் தாயே, வேற யாரு. ஜெவ்தே, பூசை முடிஞ்சு நோன்புச் சாப்பாட்டுக்கு வர்றவங்களுக்கு என்ன இன்னிக்கு?

— பருப்புக் குழம்பு, கடலைமாவு ஷிரோ, கீரை. வெங்காயம் அடுப்புல இருக்கு. உக்காரு லாக்கெவ்.

— உக்காருறேன். எண்ணெயில செஞ்சதா, இல்லை அஸ்காலே கைப்பக்குவமா?

— லாக்கெவ் அண்ணே, வேண்டாம்.

— ஏன்மா கோவிச்சுக்கிறே? ஊரே கேக்குது, நான் கேட்டா தப்பா? போன புதன்கிழமை கோயில் பாட்டுக்காரப் பெரியவர் ஷிரோவுல ஒரு வாய் வச்சதும் தட்டைத் தள்ளினார் பாரு, இன்னும் கண்ணுலயே நிக்குது. நோன்பு நாள்ல ஆகவே ஆகாத, மசாலா போட்டு உருக்கின வெண்ணெய்! எங்க கடைக்குள்ள ஊசி கோத்துக்கிட்டிருந்த எனக்கே மணந்துது. பாவம், நோன்பு முறிஞ்சதுக்குப் பரிகாரமா வயசான காலத்துல விழுந்து விழுந்து கும்பிட்டு முட்டியெல்லாம் வீங்கிப் போச்சு அவருக்கு.

— அவதான் அன்னிக்கே எல்லார் காலையும் தொட்டு மன்னிப்புக் கேட்டாளே. இன்னும் என்ன?

— நான் என்னத்தைச் சொன்னேன் ஜெவ்தே? சமையல் படிக்கப் போறாளாம்ல. நல்லது. மொதல் பாடம் எண்ணெய் எது, வெண்ணெய் எதுன்னு கேட்டுக்க மகளே. அப்புறமா வர்றேன்.

— போய்ட்டான். கேட்டியாடி? நாளைக்கு ஹவாசாவுலயும் இதே மாதிரி யாரோ ஒருத்தனோட நோன்பை முறிப்பே. அங்கே உனக்காகக் கெஞ்ச நான் இருக்க மாட்டேன்.

— நான் அங்கே முறிக்க மாட்டேன்.

— எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றே?

— சும்மா சொல்றேன். விடு.

— விடறதுக்கு இல்லை. நீ போய்ட்டா இந்தக் கடையை யார் பாப்பா? நான் ஒருத்தியா இஞ்செரா அப்பமும் சுட்டு, குழம்பும் கூட்டி, ஆளையும் கவனிக்கணுமா?

— ஆள் வச்சுக்கலாம் அக்கா. மேலத் தெரு புர்த்துகான் வேலை தேடறா. கை சுத்தம்.

— வெளி ஆள் எனக்கு வேண்டாம்.

— ஏன்?

— சமையல்கட்டுக்குள்ள வெளி ஆளை விட்டா, உள்ள நடக்கிறதெல்லாம் தெருவுக்குப் போகும்.

— நம்ம உள்ள அப்படி என்ன நடக்குது?

— ஒண்ணும் நடக்கலை! கேள்வி மேல கேள்வி கேட்டுக்கிட்டு.

— அக்கா, இப்போ உனக்கு என்ன வாசம் வருது?

— இது என்னடி கேள்வி? வெங்காய வாசம். எண்ணெய் விடற பதத்துக்கு நல்லா வதங்கி வருது.

— திரும்பிப் பாரு.

— ஐயோ! கரியாப் போச்சே! வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே? சொல்ல வேண்டாமா?

— லாக்கெவ் அண்ணன் வாசல் தாண்டினதிலேருந்தே கருகுது. கண்ணெல்லாம் எரியுது எனக்கு. எப்போ திரும்புவே, எப்போ திரும்புவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.

— தள்ளு, சட்டியை இறக்கணும்.

— சட்டியை விடு அக்கா, கை சுடும். நான் இறக்கறேன்.

— எப்போலேருந்து தெரியும் உனக்கு?

— மழைக்காலத்துல காய்ச்சல்ல கிடந்து எழுந்தியே, அதுக்கப்புறம். சட்டிக்குச் சட்டி என்னைக் கூப்பிட்டு, "இதுல என்ன குறையுது சொல்லு பாப்போம்"னு பரீட்சை வைக்கிற மாதிரி கேப்பே. மொத வாரம் நிஜமாவே பரீட்சைன்னுதான் நினைச்சேன். அப்புறம் ஒருநாள் காபிக்கொட்டையை வறுத்து, புகையை எல்லார் மூஞ்சிக்கும் நேரா காட்டினே. கொட்டை தீஞ்சு போயிருந்துது. நீ சிரிச்சுக்கிட்டே நின்னே.

— வந்துடும்னு நினைச்சேன் அஸ்காலே. இந்த வாரம் வந்துடும், அடுத்த வாரம் வந்துடும்னு. எலுமிச்சையை நசுக்கி நசுக்கி மூக்குல வச்சுப் பாப்பேன். தண்ணி மாதிரி இருக்கும். அப்போ, அந்தப் புதன்கிழமை...

— வேண்டாம் அக்கா.

— ஷிரோவுல எண்ணெய்னு நினைச்சு வெண்ணெயை ஊத்தினது நானா?

— நான் கொத்தமல்லி வாங்கச் சந்தைக்குப் போயிருந்தேன். வர்றதுக்குள்ள பரிமாறிட்டே. வாசல்லயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. உள்ளே ஓடி வர்றதுக்குள்ள பெரியவர் தட்டைத் தள்ளிட்டார்.

— நான் உன்னை அத்தனை பேர் முன்னாடி கன்னத்துல அறைஞ்சேனே.

— அறைஞ்சே.

— வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலையே நீ. நான்தான் ஊத்தினேன்னு நீயா முன்னாடி வந்து நின்னியேடி!

— என் மேல விழுந்தா விளையாட்டுப் பிள்ளை, கவனமில்லைன்னு போயிடும். உன் மூக்கு போயிடுச்சுன்னு தெரிஞ்சா இந்தக் கடையில ஒரு நோன்புக்காரன் உக்காருவானா?

— இத்தனை நாள் நான் ஹவாசாவுக்குக் குறை சொல்லி, கொம்போல்சா போதும்னு நின்னது...

— தெரியும். அதான் கேக்கிறேன், கொம்போல்சாவுலயே சேந்துடட்டுமா? எழுதிட்டு வர்றேன், அவ்வளவுதானே. சாயங்காலம் வந்து சட்டியெல்லாம் பாத்துடுவேன். காலையில போறதுக்கு முன்னாடி தாளிப்பையும் முடிச்சு வச்சுட்டுப் போறேன். நிஜமா, எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை.

— அழாம சொல்லு பாப்போம், அதை.

— வெங்காயப் புகை அக்கா.

— எனக்கும் அதே புகைதான். ஹவாசாவுக்கு எத்தனை நாள் பயணம்?

— ரெண்டு நாள். நடுவுல அடிஸ்ல ஒரு ராத்திரி தங்கணும்.

— ஞாயித்துக்கிழமை லீவுக்கு வந்துட்டுத் திரும்ப முடியுமா?

— முடியாது. பெருநாளுக்குத்தான் விடுவாங்க. ஏன் கேக்கிறே?

— அங்கேயே சேரு. நான் கூப்பிட்டா ஓடி வந்துடற தூரத்துல உன்னை வச்சேன்னா, தினமும் கூப்பிடுவேன்டி.