ராணியைக் கொடுத்த பிறகு

சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சை வருடம் முழுவதும் பழுக்கும் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை, சார். ஒரு பந்தலில் பழம் பறிக்கும்போதே அடுத்த பந்தலில் கொடியை வெட்டிவிடும் கவாத்து நடக்கும். விவசாயிக்கு ஓய்வு கிடையாது. நான் சதுரங்கத்துக்கு மட்டும் நேரம் ஒதுக்கிக்கொள்வேன். ஒருகாலத்தில் நன்றாகவே ஆடினேன். மாவட்டத்தைத் தாண்ட முடியவில்லை. என் மகள் ஜோதிகா தாண்டினாள்.

அந்த அறையைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். ஆட்டத்தைச் சொல்லாமல் அறையைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

மதுரையில் மாநிலப் போட்டி, கடைசிச் சுற்று. எதிராளியின் ராஜா மூலையில் நிற்கிறார். அவருக்கு முன்னால் அவருடைய சிப்பாய்கள். பக்கத்தில் ஒரே ஒரு கட்டம் காலி. ஜோதிகா தன் ராணியை அந்தக் காலிக் கட்டத்திலேயே கொண்டுபோய் வைத்து செக் சொன்னாள். ராணிக்குக் குதிரையின் காவல் இருக்கிறது, அதனால் ராஜா வெட்ட முடியாது. யானையால்தான் வெட்டியாக வேண்டும். யானை வெட்டி உட்கார்ந்ததும் அந்தக் கட்டமும் அடைபட்டுப் போனது. ராஜாவைச் சுற்றி நெருக்கி நிற்பதெல்லாம் அவருடைய ஆட்களே. இனி ஜோதிகாவின் குதிரை ஒரு தாவு தாவினால் போதும், ஆட்டம் முடிந்தது. சின்னப் பிள்ளைகளுக்கே தெரிந்த முடிவு அது.

அவள் குதிரையைத் தொடவில்லை. ஓரத்துச் சிப்பாய் ஒன்றை ஒரு கட்டம் நகர்த்தினாள். எதிரே இருந்த பெண் ஏதோ தவறு நடந்துவிட்டதுபோல நடுவரைப் பார்த்தாள். பிறகு ஜோதிகா தோற்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"ஏத்தா, குதிரை ஒன் கண்ணுல படலையா?"

"பட்டுச்சுப்பா."

"பெறகு?"

"அதை ஆடுனா அடுத்த போட்டி, அதுக்கடுத்த போட்டின்னு போய்க்கிட்டே இருக்கும். எனக்குப் போதும்ப்பா. என்கூடப் படிச்ச திரிஷாவோட கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போறேன். அவ எனக்கும் சேத்துக் கேட்டுட்டா."

"அப்ப ராணியை எதுக்குக் கொடுத்த?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அது அழகா இருந்துச்சு. ஒரு தடவை ஆடிப் பாக்கணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

நான் கோபப்படவில்லை. பஸ்ஸில் இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அவள் களைத்திருக்கிறாள், களைத்த மனசு எடுத்த முடிவை அப்படியே விட்டுவிடக் கூடாது என்று மட்டும் நினைத்தேன். ஆட்டம் தோற்றால் உட்கார்ந்து அலசிப் பார்ப்பதுதான் முறை.

தோட்டத்தில் பூச்சிமருந்து வைக்கும் அறையைக் காலி செய்து வெள்ளையடித்தேன். கட்டில், மின்விசிறி, உள்ளேயே கழிவறை. அவளுடைய வயதில் எனக்கு அப்படி ஒரு அமைதியான இடம் கிடைக்கவில்லை. தாழ்ப்பாள் ஏன் வெளிப்பக்கம் மட்டும் இருக்கிறது என்றீர்கள். மருந்து அறைக்கு அப்படித்தான் இருக்கும். மேஜைமேல் பலகையை வைத்து, யானை ராணியை வெட்டிய அந்த நிலையில் காய்களை அடுக்கினேன்.

நான் அவளை இழுத்துக்கொண்டு போகவில்லை. அறையைப் பார்க்க வா என்றேன், வந்தாள். அவளே விளக்கைப் போட்டாள். நான் கதவைச் சாத்தினேன். "ராணியைக் கொடுத்த பெறகு என்ன ஆடணும்? சொல்லுத்தா, தெறக்குறேன்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன். என்னுடைய நிபந்தனை அது ஒன்றுதான்.

என் மனைவி சுப்புத்தாய்க்கு இது தெரியாது. அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள். சென்னையில் பயிற்சி முகாம் என்று சொல்லியிருந்தேன். ஜோதிகாவின் போன் என்னிடம் இருந்தது. "சாப்பிட்டியாம்மா" என்று அதிலிருந்து சுப்புத்தாய்க்கு அவ்வப்போது அனுப்புவேன், ஜோதிகாவும் அப்படித்தான் எழுதுவாள். வேலை வேண்டாம் என்று திரிஷாவுக்கும் எழுதிவிட்டேன். "பிள்ளைய அங்கன நல்லாப் பாத்துக்கிறாகளா?" என்று சுப்புத்தாய் கேட்டுக்கொண்டே இருந்தாள். நல்லாப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றேன், அது பொய்யில்லை. முறுக்குச் சுட்டு, மகளுக்கு அனுப்பச் சொல்லிக் கொடுத்தாள். அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா கைப்பக்குவம் என்று தெரிந்ததும் ஜோதிகா ரொம்ப நேரம் அழுதாள்.

தொடக்கத்தில் காய்களை ஜன்னல் வழியாக எறிவாள். பொறுக்கிக் கழுவிக் கொடுப்பேன். அவளே திரும்ப அடுக்கி முடித்த பிறகு சோற்றை வைப்பேன். எவ்வளவு பசியிலும் ஒரு காய்கூட இடம் மாறாது. அப்படி ஒரு நினைவாற்றல். அதை வைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் என்ன செய்யப் போகிறாள்?

கத்தினாளா என்று கேட்டீர்கள். கத்தினாள். தண்ணீர் மோட்டார் ஓடும்போது வெளியே கேட்காது. அந்தப் பருவத்தில் திராட்சைக்குத் தண்ணீர் கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டது. எத்தனை நாள் என்று நான் கணக்கு வைக்கவில்லை. அவள் உள்ளே போனபோது கொடியில் பூ இருந்தது. பிறகு காய் கறுக்கத் தொடங்கிவிட்டது.

தண்ணீர் மிஞ்சினால் பழம் வெடிக்கும். பக்கத்துத் தோட்டத்து ராக்கப்பன் அதைப் பார்த்திருக்கிறார். நான் கம்பத்துக்கு மருந்து வாங்கப் போயிருந்தேன். நல்ல மனுஷன், நமக்கு நஷ்டமாகிறதே என்று வந்து மோட்டாரை நிறுத்தியிருக்கிறார். சத்தம் அடங்கியதும் அறைக்குள் குரல் கேட்டிருக்கிறது. கிட்டப் போய், "உள்ள யாரு?" என்று கேட்டாராம்.

"குதிரை எஃப் ஏழு" என்றாளாம்.

"ஏத்தா ஜோதிகா, நீயா? இங்கன என்னத்தா பண்ற?"

"குதிரை எஃப் ஏழு. குதிரை எஃப் ஏழுப்பா."

ராக்கப்பன் உங்களிடம் சொன்னது உண்மைதான், சார். குதிரை எஃப் ஏழாம் கட்டத்துக்குத் தாவுவது, அதுதான் சரியான நகர்த்தல். அந்த இடத்தில் வேறு விடையே கிடையாது. அதை அவள் அன்றைக்குத்தான் சொன்னாள் என்று வாக்குமூலத்தில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றிவிடுங்கள். முதல் நாளே, நான் கேட்டு வாயை மூடுவதற்குள் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகும் தினமும் சொன்னாள், காலையிலும் மாலையிலும், நான் கேட்காதபோதும். கதவு திறக்கட்டும் என்பதற்காகச் சொன்ன விடை அது. யோசித்துச் சொன்னதாக எனக்குப் படவில்லை. அதனால் நான் திறக்கவில்லை.

இப்போது தேனி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்கிறீர்கள். நர்ஸ் பெயர் கேட்டாலும் டாக்டர் எங்கே வலிக்கிறது என்று கேட்டாலும் அதே விடையைத்தான் சொல்கிறாளாம். சுப்புத்தாயின் முகத்தைப் பார்த்தும் அதையே சொன்னாளாம்.

ராக்கப்பன் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுக் கூப்பிட்டும் அவள் வெளியே வரவில்லை, பலகைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதைக் கேட்டதும்தான் எனக்கு மனசு ஆறியது. பாருங்கள் சார், அவளுக்கே இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்திருக்கிறது.