நிலைக்குழுவுக்கு ஒரு வரவேற்பு

எனக்கு விழா நடத்துவதென்றால் கொள்ளை ஆசை. அல் குசைஸில் பொங்கலோ வழியனுப்பு விழாவோ, எதுவானாலும் "சீதாராமனைக் கூப்பிடு" என்பார்கள். கம்பெனியில் நான் தொழிலாளர் நல அலுவலர். அப்படிப்பட்டவனிடம், நம் நாடாளுமன்றத்தின் வெளியுறவு நிலைக்குழு எங்கள் தொழிலாளர் கேம்ப்பைப் பார்க்க வருகிறது என்றால் கேட்க வேண்டுமா? என் கால் தரையில் பாவவில்லை. மொழிபெயர்க்க வந்த ஜைத் தம்பி, எதிரே இருக்கும் அதிகாரியிடம் இதையும் அப்படியே அரபியில் சொல்லிவிடுங்கள்.

குழுவின் வேலை சுலபம். வருவார்கள், தொழிலாளர்களிடம் ஏதாவது குறை உண்டா என்று கேட்பார்கள், பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். கட்டில்களுக்குப் புது விரிப்பு போட்டேன். ஏசி பந்தல் போட்டேன், செண்டை மேளம் பிடித்தேன். பொன்னாடை மட்டும் பற்றவில்லை. போர்த்தியதையே பின்னால் வாங்கி, மடித்து, அடுத்த எம்.பி.க்குப் போர்த்தினேன். ஒருவருக்கும் தெரியவில்லை. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அன்று காலை வீரபாண்டி வந்தார். சைட்டில் கம்பி கட்டுகிறவர்.

"சார், பொண்டாட்டிக்கு ஆபரேசன். லீவும் தர மாட்றீங்க, பாஸ்போர்ட்டும் தர மாட்றீங்க. இன்னிக்கு வர்ற அந்தம்மாகிட்டயே கேட்டுர்றேன்."

எனக்குக் கோபமே வரவில்லை. இவ்வளவு அழகான நாளில் ஒருவர் எழுந்து நின்று அழுதால் நன்றாகவா இருக்கும்? குழுவின் தலைவரம்மா தனியாகப் பார்க்க விரும்புகிறார், நம் கம்பெனி பஸ்ஸில் காத்திருங்கள் என்றேன். சலவைச் சட்டை போட்டு, தலை சீவிக்கொண்டு வந்தார். "ரொம்ப நன்றி சார்" என்றார். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. குளிர்ந்த தண்ணீரும் கொடுத்தேன். அதை விட்டுவிடாதீர்கள், தம்பி. பிறகு பஸ் கதவை வெளியிலிருந்து பூட்டினேன். டிரைவர் உஸைரைச் சாப்பிட அனுப்பினேன்.

பந்தலுக்குப் பக்கத்தில் நின்ற பஸ்ஸின் இரைச்சலில் தலைவரம்மாவின் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை. நானே போய் என்ஜினை அணைத்தேன். "அஞ்சு நிமிஷம்" என்றேன். வீரபாண்டி தலையாட்டினார். மறுபடி பூட்டினேன். ஆகஸ்ட் மாத மத்தியானம்தான். ஆனால் அம்மாவுக்கு எங்களை அவ்வளவு பிடித்துப்போனது; வடையை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இப்படி நடக்கும் என்று நான் கனவிலும் எதிர்பார்க்கவில்லை.

கடைசியில், ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து பஸ்ஸின் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். யாரோ என்ன, வீரபாண்டிதான். நான் மேளக்காரர்களுக்குச் சைகை காட்டினேன். ஓங்கி அடித்தார்கள். அம்மாவே எழுந்து கைதட்டி ஆடினார். எம்.பி.க்கள் ஆடினார்கள், கேம்ப் பையன்கள் ஆடினார்கள், நானும் ஆடினேன். பஸ்ஸுக்கு அருகில் ஆடியதால் தட்டுவது எனக்கு நன்றாகக் கேட்டது. நடுவில் நின்றதையும் கவனித்தேன். அப்பாடா என்று இருந்தது.

அதன் பிறகுதான் படம் எடுத்தோம். நடுவில் நிற்க இரண்டு எம்.பி.க்களுக்குப் போட்டி. ஒரே கலகலப்பு.

பூட்டியது நான். அணைத்தது நான். தட்டியது கேட்டும் திறக்காதது நான். எதையும் மறுக்கவில்லை, தம்பி, போலீஸ் அதிகாரியிடம் அப்படியே சொல்லுங்கள். ஆனால் எனக்கு வீரபாண்டிமேல் ஒரு வருத்தமும் கிடையாது. இன்னும் கொஞ்சம் பொறுமையாக இருந்திருந்தால், அந்தப் படத்தில் அவரையும் என் பக்கத்திலேயே நிறுத்தியிருப்பேன்.