எழுத வந்தவங்களுக்கு மாடி ரூம்

அந்த ஜன்னல் கொஞ்சம் இறுக்கம்தாங்க, ஓங்கித் தள்ளினாத் தொறந்துக்கும். ரூம் பிடிச்சிருக்குல்ல? அப்பறம் என்ன, உக்காருங்க, டீ ஆறிடப் போகுது. நீங்க படி ஏறும்போது ஒண்ணு சொன்னீங்களே, நான் அதுலயே நின்னுட்டேன். வேலைய விட்டாச்சு, ஒரு நாவல் எழுதணும், அதுக்குத்தான் தனி ரூம் தேடறேன்னீங்க. கேக்கவே சந்தோஷமா இருந்துச்சு. அடுத்த படியில கால் வைக்கறதுக்குள்ள, ஆனா நான் யாரோடதையும் படிக்கறதில்ல, படிச்சா அவங்க நடை வந்து ஒட்டிக்கும்னீங்க பாருங்க, அதத்தான் என்னால முழுங்க முடியல.

கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கும் என் வயசுதான் இருக்கும், அந்த உரிமையில சொல்றேன். நானும் இதையேதான் பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவ.

ஆமாங்க, எழுதுவேன். பாத்தாத் தெரியல, இல்ல? பரவால்ல, கட்டிக்கிட்டவருக்கே ரொம்ப நாள் தெரியாது. பல் டாக்டர் ஒருத்தர்கிட்ட ரிசப்ஷன்ல இருந்தேன். வசதியான வேலை. பல் வலிக்காரங்க நம்மகிட்ட வாயத் தொறக்க மாட்டாங்க, தொறந்தா டாக்டருக்குத்தான். அந்த அமைதியில உக்காந்து என் மொதக் கதைய எழுதினேன். ஒருத்தி வீட்ட விட்டுப் போறா. கதை அவ்ளோதான். ஆனா அவ எந்திரிச்சு, பல்லு வெளக்கி, குளிச்சு, தலை சீவி, செருப்பத் தேடி வாசலுக்கு வர்றதுக்குள்ள ஏழு பக்கம் ஓடிடுச்சு. பல்லு வெளக்கறது மட்டும் ஒரு பக்கம், வேலை பாத்த எடம் அப்படி. அதுக்கப்பறம் ரெண்டு பக்கம் அழுகை.

ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் போன் பண்ணாரு. கதைங்க படிக்கறதுண்டாம்மான்னாரு. படிச்சா என் நடை போயிடும் சார்னேன், இதோ நீங்க சொன்ன மாதிரியே. அந்த மனுஷன் ரொம்ப மரியாதையா, நடை உங்களுக்கு இனிமேதான் வரணும்மா, வராதது எப்படிப் போகும்னாரு.

சிரிங்க, சிரிங்க. எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கல.

ஒரு வாரம் அவரத் திட்டிக்கிட்டே இருந்தேன். அப்பத்தான் ஒரு அம்மா பல்லப் பிடுங்கிக்கிட்டுப் போன அவசரத்துல கையில வச்சிருந்த புத்தகத்த நாற்காலியிலயே விட்டுட்டுப் போனாங்க. வந்து கேப்பாங்கன்னு எடுத்து வச்சேன். கேக்கல. சும்மாப் பிரிச்சேன். அதுல ஒரு அப்பன், மக சொல்லாம கொள்ளாம வீட்ட விட்டுப் போயிட்டா. என் கதைதான், வீட்டுக்கு உள்ளருந்து. இப்ப அழப் போறான், இப்ப அழப் போறான்னு காத்திருக்கேன். அழலைங்க. சாப்பாட்டு மேசையில ரெண்டு தட்டு எடுத்து வைக்கறான். அப்பறம் ஒண்ண எடுத்து அலமாரியிலயே திரும்ப வச்சுடறான். அடுத்த வரி, மறுநாள் நல்ல மழைன்னு ஆரம்பிக்குது.

நான் தேம்பித் தேம்பி அழறேன். டாக்டர் உள்ளருந்து எட்டிப் பாத்து, உனக்கும் பல்லு வலியான்னாரு.

அவன் அழுதிருந்தா நான் அழுதிருக்க மாட்டேன், பாத்துக்கங்க. இத வேற யாரு எனக்குச் சொல்லித் தந்திருக்க முடியும்? படிக்கும்போது நாம எதிர்ப் பக்கத்துல உக்காந்திருக்கோம்ல? எங்க கொட்டாவி வருது, எங்க மூச்சு நின்னுபோகுதுன்னு அங்க இருந்தாத்தான் புரியும். சமைக்கறவங்களும் ஒரு நாள் சாப்பிட உக்காரணும்ல.

ஒட்டிக்குமான்னா, ஒட்டிக்கும். பொய் சொல்ல மாட்டேன். அந்தப் புத்தகத்துக்கப்பறம் எந்தக் கதை எழுதினாலும் யாராவது ஒருத்தர் தட்ட எடுத்து வச்சுக்கிட்டே இருந்தாங்க. என் வீட்டுக்காரர், அவரு லிப்ட் மெக்கானிக், எழுதினதச் சொன்னாக் கேட்டுட்டு, ஏண்டி, உன் கதையில இந்தத் தட்டையெல்லாம் யாருமே கழுவ மாட்டாங்களான்னாரு. சரின்னு வேறொரு புத்தகம் எடுத்தேன். அது இதக் கழுவி விட்டுச்சு. அப்பறம் இன்னொண்ணு. ஒருத்தர மட்டுமே படிச்சாத்தாங்க ஒட்டல். நெறையப் படிச்சா, இவங்க ஒட்டினத அவங்க உரிச்சு விட்டுடுவாங்க. கடைசியில எது உரியாம நிக்குதோ அது நம்மளது.

அவரு ஒரு புத்தகத்தக் கூடத் தொட்டதில்ல. ஆனா ராத்திரி சாப்பிடும்போது, அந்தப் பொண்ணு என்ன ஆனா, அந்தக் கெழவன் வீட்ட வித்துட்டானான்னு கேப்பாரு. நான் சொல்லணும். சுவாரசியமில்லாம சொன்னா சாப்பாட்டுல உப்பு இல்லன்னு பேச்ச மாத்திடுவாரு. அதுவும் ஒரு பயிற்சிதான் எனக்கு. அவரு போனதுக்கப்பறம், நல்லா எழுதின எடம் வந்தாப் படிச்சுட்டு நிமிர்ந்து பாப்பேன். எதிர்ல நாற்காலிதான் இருக்கும். ஆனாலும் புத்தகத்துல ஆளுங்க பேசிக்கிட்டே இருப்பாங்கல்ல, வீட்ல நாலு பேர் நடமாடற மாதிரி இருந்துச்சு.

ஆமா, இருந்துச்சுன்னுதான் சொன்னேன்.

இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா? இப்ப என்ன படிக்கறேனா? அது வந்துங்க... இப்பப் படிக்கறதில்ல.

அய்யோ, உங்கள மாதிரி கொள்கையெல்லாம் இல்லைங்க. போன மழைக்காலத்துல ஒரு காலையில பேப்பரப் பிரிச்சேன். ஏதோ வேத்து மொழிப் பேப்பர மாத்திப் போட்டுட்டாருன்னு நெனச்சு, எறங்கிப் போய்ப் பேப்பர்காரரப் பிடிச்சுக் கத்திட்டேன். பாவம், தெனமும் போடறதுதாங்க இதுங்கறாரு. வீட்டுக்கு வந்து மருந்து டப்பாவப் பாக்கறேன், காலண்டரப் பாக்கறேன். எல்லாம் கோடு கோடா நெளியுது. கண்ணுல ஒண்ணுமில்ல, மூளையில பின்பக்கம் ரத்தக்குழாய்ல சின்னதா ஒரு அடைப்பு வந்து போயிருக்குன்னாரு ஆஸ்பத்திரி டாக்டர். எழுதிக் காட்டச் சொன்னாரு. என் பேர அழகா எழுதினேன். இப்பப் படிங்கன்னாரு. முடியலைங்க. என் பேரு. என் கையெழுத்து.

இல்ல, யாருக்கும் சொல்லல. மககிட்டச் சொன்னா வீட்டப் பூட்டிட்டு என்கூட வந்துடும்மான்னுதான் முடியும். அங்க எனக்குக் கட்டில் போடுவா, மேசை போட மாட்டா. பக்கத்து வீட்டு அம்மா வந்தாப் பேப்பர விரிச்சு வச்சுக்குவேன், பக்கத்தக் கூட அப்பப்பத் திருப்புவேன்.

எழுத முடியுதுங்க, அதான் கொடுமை. கை பாட்டுக்கு ஓடுது. எழுதினதத் திரும்பிப் பாத்தா ஊர் பேர் தெரியாத யாரோ கிறுக்கினது மாதிரி கெடக்கு. இருந்தும் ஒரு கதை அனுப்பினேன். அதே ஆசிரியர் கூப்பிட்டு, ஒரே பத்தி மூணு எடத்துல வருதும்மான்னாரு. மறதின்னு சமாளிச்சேன். கொஞ்சம் தயங்கிட்டு, வாக்கியமெல்லாம் ஒரே உயரத்துல நிக்குதேன்னாரு. நிக்காம? உள்ள புதுசா ஒண்ணும் போகலையே. போனுக்குள்ள புத்தகத்தப் படிச்சுக் காட்டற மெஷின் குரலையும் கேட்டுப் பாத்தேங்க. ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிக்கற மாதிரி படிக்குது. ஆள் செத்தாலும் அதே குரல், காய் வாங்கப் போனாலும் அதே குரல்.

ரூம் பாக்க எத்தனையோ பேர் வந்தாங்க. தண்ணி வருமான்னு கேட்டாங்க, போனாங்க. எழுதறேன்னு சொல்லிட்டு வந்த ஆளு நீங்க ஒருத்தர்தான். என்னமோ, வாய் தன்னால பேசிடுச்சு.

ரூம் எடுத்துக்கறதும் விடறதும் உங்க இஷ்டம். கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு உதவி மட்டும். அந்த அலமாரியில, கீழ்த் தட்டுல படுக்க வச்சிருக்கு பாருங்க, நீல அட்டை. நடுவுல பஸ் டிக்கெட் சொருகியிருக்கும். அந்தக் காலைக்கு மொத நாள் அங்கதான் நிறுத்தினேன். ஒரு பொண்ணு ரயில்ல வர்றா. அவ அம்மா பிளாட்பாரத்துல நிக்கறதப் பாத்துட்டா. ரெண்டு பேருக்கும் வருஷக்கணக்காப் பேச்சில்ல. வண்டி அந்த ஸ்டேஷன்ல ரொம்ப நேரம் நிக்காது. எறங்கினாளா, அப்படியே உக்காந்து போயிட்டாளான்னு எனக்குத் தெரியாதுங்க.

படிச்சுப் பழக்கமில்லன்னா என்ன, மெதுவாவே வாய்விட்டுப் படிங்க. அவ எறங்கினா மட்டும், அங்க ஒரு நிமிஷம் நிறுத்திட்டு அப்பறம் படிங்க.